மக்காச்சோளக் கோபுரமும் பிழைக்கத் தெரியாத ஜனங்களும்

போன வாரம் பிசினஸ் என்விரான்மென்ட் பேப்பருக்கு வகுப்பில் செமினார். நண்பன் ஒருவன் எடுத்துக்கொண்டது, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் காஸ்ப்ரோம் கம்பெனி கட்ட நினைத்த ஓக்தா சென்டர் கதை. கடைசி ஸ்லைடில் அவன் கொடுத்த தீர்ப்பு: "தேடி வந்த முதலீட்டைத் தெருவில் இறங்கித் துரத்தினாங்க. பிழைக்கத் தெரியாத ஜனங்க." வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பெல் அடித்துவிட்டதால் பாக்கிச் சண்டை இங்கே.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நம்ம 'இயற்கை' படத்துக்கு மூலமான தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' நடக்கிற அதே ஊர்தான். 2006-ல் காஸ்ப்ரோம், நேவா ஆற்றில் ஓக்தா ஆறு வந்து சேரும் இடத்தில் 396 மீட்டர் கோபுரம் என்று அறிவித்தது. பிறகு அது 403 மீட்டர் ஆனது. எதிர்க்கரையில் ஸ்மோல்னி தேவாலயம். டிசைன் போட்டியின் நடுவர் குழுவில் இருந்த நார்மன் ஃபாஸ்டர், ரஃபேல் வின்யோலி, கிஷோ குரோகாவா மூவரும் விலகிக்கொண்டார்கள். மூன்று பேருமே உலகம் முழுக்கக் கட்டடம் கட்டியவர்கள், கண்ணாடிக் கோபுரத்தைப் பார்த்து மிரளுகிற ஆட்கள் இல்லை. ஊர்க்காரர்கள் கோபுரத்துக்கு 'மக்காச்சோளம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இன்னொரு பெயரும் உண்டு. ரஷ்ய மொழியில் வானளாவிக்கு உள்ள சொல்லில் 'வான'த்தை எடுத்துவிட்டு 'கேஸ்' போட்டார்கள். காஸ்ப்ரோம் கேஸ் கம்பெனி ஆச்சே :)

இப்போது நண்பன் சொல்லாமல் விட்டதுக்கு வருவோம்.

அந்த ஊர் சமதளம். 1844-ல் ஜார் முதலாம் நிக்கோலஸ் ஒரு உத்தரவு போட்டார்: தனியார் கட்டடம் எதுவும் குளிர்கால அரண்மனையை விட உயரக் கூடாது. கிட்டத்தட்ட 23 மீட்டர்தான் உச்சம். தேவாலயங்களுக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் 122.5 மீட்டர் உயரமுள்ள பீட்டர் பால் தேவாலயத்தின் ஊசி முனை ஆற்றங்கரையில் எங்கே நின்றாலும் கண்ணில் படுகிறது. நம்ம ஊரில் கோபுரத்துக்கு மேலே வீடு கட்டக் கூடாது என்று தாத்தாமார் சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

காமர்ஸ் மாணவர்களே, இதைக் கொஞ்சம் பேலன்ஸ் ஷீட்டாக நினைத்துப் பாருங்கள். ஒன்றரை நூற்றாண்டாக அந்த ஊரில் மனை வைத்திருந்த ஒவ்வொருவரும் இன்னும் நாலு மாடி ஏற்றி வாடகை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. சட்டத்துக்குப் பயந்தோ ஊருக்குக் கட்டுப்பட்டோ விட்டுக்கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த வானம், ஊருக்கே பொதுவான குட்வில். அங்கே 403 மீட்டரில் ஒரு கோபுரம் எழுந்தால் அது எதனால் எடுப்பாகத் தெரியும்? சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் குனிந்து இருப்பதால். அதாவது மற்றவர்கள் விட்டுக்கொடுத்த லாபத்தை ஒரே ஒரு கம்பெனி மொத்தமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தது. எகனாமிக்ஸ் வகுப்பில் ஃப்ரீ ரைடர் என்று படித்தோமே, டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறுகிறவன். அவன் யார் என்று இப்போது சொல்லுங்கள். ஊர்வலம் போனவனா, கோபுரம் கட்ட வந்தவனா?

"வந்த முதலீடு" என்பதும் வேடிக்கை. ஆரம்பத் திட்டப்படி 6,000 கோடி ரூபிளை நகர நிர்வாகம் பட்ஜெட்டிலிருந்தே கொடுப்பதாக இருந்தது! காஸ்ப்ரோம் 2005-ல் வாங்கிய சிப்நெஃப்ட் எண்ணெய்க் கம்பெனியின் பதிவை அந்த ஊருக்கு மாற்றும், அதில் வருகிற வரியில் கோபுரம் எழும். வலது கையால் வரி கட்டி இடது கையால் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. பிறகுதான் 51:49 என்று பங்கு பிரித்தார்கள்.

ஆதரவாளர்களுக்குப் பிடித்த அடுத்த வாதம் ஈஃபில் கோபுரம். அதையும் 1887-ல் பாரிஸ் கலைஞர்கள் எதிர்த்தார்கள், இன்று அதுதான் ஊரின் அடையாளம், ஆகவே எதிர்ப்பவர்கள் எல்லாரும் முட்டாள்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஈஃபில் கோபுரம் பொருட்காட்சிக்காக 20 வருட அனுமதியில் நின்றது, யாருடைய ஹெட் ஆபீசும் இல்லை. அதே பாரிஸில் 1973-ல் திறந்த மோன்பர்னாஸ் கோபுரத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? 209 மீட்டர் ஆபீஸ் கட்டடம். அதைப் பார்த்து வெறுத்துப்போய் 1977-ல் நகர மையத்தில் உயரக் கட்டடங்களுக்கே தடை போட்டார்கள். லாட்டரியில் ஜெயித்தவனை மட்டும் போட்டோ எடுத்துக் காட்டுகிற கதைதான்.

ஹெர்மிடாஜ் அருங்காட்சியக இயக்குநர் பியத்ரோவ்ஸ்கி எதிர்த்தார். 1990-லேயே அந்த நகர மையத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருந்த யுனெஸ்கோ எச்சரித்தது. கட்டுமான இடத்தில் 1611-ல் ஸ்வீடன்காரர்கள் கட்டிய நியென்ஷான்ஸ் கோட்டையின் மிச்சங்கள் கிடைத்தன. இத்தனைக்கும் பிறகு 2009 அக்டோபரில் ஆளுநர் மத்வியென்கோ 100 மீட்டர் வரம்பிலிருந்து விலக்கு தந்து கையெழுத்துப் போட்டார். அதே மாதம் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ரஷ்யாவில் தெருவுக்கு வருவது நம்ம ஊர் மறியல் மாதிரி டீ குடித்துக்கொண்டே செய்கிற வேலை இல்லை. 2010 டிசம்பரில் இடத்தை மாற்றுவதாக அறிவித்தார்கள்.

முதலீடு ஓடிப்போனதா? அங்கேதான் நண்பனின் கடைசி ஸ்லைடு கிழிகிறது. மையத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி, பின்லாந்து வளைகுடாக் கரையில், லாக்தாவில் அதே கம்பெனி கட்டியது. 462 மீட்டர், 87 மாடி. முதலில் கேட்டதை விட 59 மீட்டர் கூடுதல். 2018-ல் கட்டி முடித்தார்கள். ஐரோப்பாவிலேயே உயரமான கட்டடம் இப்போது அதுதான். நான்கு வருடமாக "இங்கே, இல்லையென்றால் வளர்ச்சியே இல்லை" என்று மிரட்டியது வெறும் வாய்ச்சவடால்.

லாக்தா கோபுரமும் ஆற்றங்கரையில் சில இடங்களிலிருந்து தெரியத்தான் செய்கிறது. அதையும் வெறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். ஸ்மோல்னிக்கு நேர் எதிரே இல்லையே.

இதையெல்லாம் கேன்டீனில் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லாக்தா பத்தி எனக்குத் தெரியும் மச்சி, டைம் இல்லைன்னு அந்த ஸ்லைடை எடுத்துட்டேன்" என்றான்.