மோருக்குப் போட்ட புல்

உத்தனப்பள்ளியில் எங்கள் கிணற்று மேட்டில் ஒரு புதர் எலுமிச்சைப்புல் இருக்கிறது. கன்னடம் பேசும் பக்கத்து வீட்டம்மா அதை 'மஜ்ஜிகெ ஹுல்லு' என்பார். மஜ்ஜிகெ என்றால் மோர், ஹுல்லு என்றால் புல். இரண்டு இலையை முடிச்சுப் போட்டு மோரில் ஊறவைப்பார். நெய் காய்ச்சும்போதும் ஒன்று போடுவார்.

இப்போது வாட்ஸ்அப்பில் அதே புல் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும், ஏன், புற்றுநோய்க்கும்கூட மருந்தாம்! நானும் நம்பியவன்தான். நான்கு வருடம் முன்பு என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டபோது, இஞ்சி, மிளகோடு இந்தப் புல்லைக் கொதிக்கவைத்துக் கொடுத்தே மூன்று நாள் ஓட்டினேன். நான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். ஒரு வாரம் ஓசூர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள்.

புல்லின்மேல் குற்றமில்லை, என்மேல்தான். அதன் மணம் சிட்ரால் என்ற பொருளால் வருவது. சோப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் போகும் அதன் எண்ணெயை யாரும் குடித்துவிடாதீர்கள். தொண்டை கரகரத்தால் இலையைக் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் குடியுங்கள், இதமாக இருக்கும். காய்ச்சல் இரண்டு நாளில் விடாவிட்டால் போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மோரை வந்து குடித்துக்கொள்ளலாம்.