முகூர்த்த நேரத்தில் அந்த லைட் எதற்கு?

"கையை அப்படியே வெச்சுக்குங்க சார்... மேடம், தலையைக் கொஞ்சம் தூக்குங்க... சார், இங்க பாருங்க, கேமராவை!"

கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கிறது. மாப்பிள்ளையின் விரல்களுக்கிடையே முதல் முடிச்சு பாதியில் நிற்கிறது. மீதி முடிச்சுகளைப் போட வந்த நாத்தனார் குனிந்தபடியே காத்திருக்கிறாள். மணவறைக்கு முன்னால் இரண்டு போட்டோகிராபர்கள், இரண்டு வீடியோக்காரர்கள், லைட் ஸ்டாண்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு பையன். மொத்தம் ஐந்து முதுகுகள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பாட்டி இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் வைத்திருந்த எல்இடி திரையை நிமிர்ந்து பார்த்தார். பேத்தி கழுத்தில் தாலி ஏறியதை அவர் திரையில்தான் பார்த்தார். கூட்டம் கலைந்தபோது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். தூவாத அட்சதை வியர்வையில் ஊறி, மஞ்சள் கையோடு ஒட்டியிருந்தது.

அந்த ஐந்து முதுகுகளில் ஒன்று என்னுடையது.

இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் நானும் லைட் போட்டவன்தான். "லைட் போட்டால்தான் படம் பளிச்சுன்னு வரும்" என்பதைத் தொழில் கற்றுக்கொண்ட முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். படம் எடுப்பவர் மட்டுமல்ல, எடுக்கச் சொல்பவரும் இதை நம்புகிறார். பேச வரும் பெண் வீட்டுக்காரர், "எத்தனை லைட் கொண்டு வருவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார். லைட் குறைந்தால் காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று சந்தேகப்படுகிறார். இந்த நம்பிக்கை தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். தவறு என்பதோடு போகவில்லை, அது கல்யாணத்தையே கெடுக்கிறது.

ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. கலர் ஃபிலிம் ரோலில் 36 படம். மண்டபத்துக்குக் கொண்டுபோன ஃபிலிமின் வேகம் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 100. மண்டபத்து டியூப் லைட்டில் அதை வைத்து எடுத்தால் ஆள் ஆடிப்போய்த் தெரிவார், அல்லது படமே இருண்டு போகும். எண்பதுகளில் கல்யாண வீட்டுக்குள் வந்த விஎச்எஸ் கேமராவுக்கும் நிறைய வெளிச்சம் தேவைப்பட்டது. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்ததற்கு அன்று காரணம் இருந்தது. அந்தக் கேமராக்கள் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. அவற்றுக்காக வந்த விளக்கு மட்டும் மணவறையை விட்டு இறங்கவில்லை.

2007இல் வந்த நிகான் டி3 கேமராவில் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்த படத்தை ஆல்பத்தில் தயங்காமல் போட முடிந்தது. பழைய 100 ஃபிலிமோடு ஒப்பிட்டால் 64 மடங்கு உணர்திறன். அதற்குப் பிறகு வந்த கேமராக்கள் இன்னும் வெகுதூரம் போய்விட்டன. அதோடு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பல கம்பெனிகளில் விலை மலிவான லென்ஸ்களில் அது ஒன்று. கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை எஃப் 5.6இல் வைத்தால் உள்ளே வரும் வெளிச்சத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு இதில் வரும். ஒரு ஜன்னலும் இரண்டு குத்துவிளக்கும் இருந்தால் முகூர்த்தத்தை எடுத்துவிடலாம். கிராமத்து ஸ்டுடியோக்காரராலும் இது முடியும். இயற்கை வெளிச்சத்தில் எடுப்பது பணக்கார வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். லைட், ஸ்டாண்டு, குடை, அதைத் தூக்க இரண்டு ஆள், ஏற்றிவர ஒரு வண்டி: செலவு எந்தப் பக்கம் அதிகம் என்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

கேமராவில் மாட்டிய ஃப்ளாஷ் இன்னொன்றும் செய்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஃப்ளாஷிலிருந்து ஆறடியில் இருப்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் பன்னிரண்டு அடியில் இருப்பவருக்குக் கிடைக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும், அது மாற்ற முடியாத கணக்கு. ஆகவே முன்னால் இருக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கிறார்கள். பின்னால் நிற்கும் சித்தப்பா, தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைக்கும் அத்தை, மடியில் குழந்தையோடு எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரம்மா எல்லாரும் இருட்டுக்குள் போய்விடுகிறார்கள். வெளிச்சம் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு பாதிக் கல்யாணத்தை அணைத்துவிடுகிறோம். பட்டுக்கும் இதே கதிதான். காஞ்சிபுரம் சேலையின் ஜரிகை பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் இழை இழையாகத் தெரியும். நேர் ஃப்ளாஷில் அது வெறும் வெள்ளைத் திட்டு. இதற்கா அவ்வளவு விலை கொடுத்துக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்?

இப்போது மனதை அதிகம் உறுத்துவதற்கு வருகிறேன். "பளிச்சென்று" என்ற சொல்லுக்குக் கல்யாண வீட்டில் "சிவப்பாக" என்று பொருள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லைட் கேட்கிறவர்களில் பலர் கேட்பது பெண்ணின் நிறத்தை மாற்றித் தரும்படிதான். முகத்துக்கு இரண்டு படி வெளுத்த மேக்கப், அதன்மேல் லைட், அதன்மேல் கம்ப்யூட்டரில் திருத்தம். ஆல்பத்தைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டு, மருதாணி வைத்த கையைப் பாருங்கள். முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது. ஃபிலிம் காலத்திலேயே இந்த அநியாயம் வேரூன்றியிருந்தது. அமெரிக்காவில் கோடக் நிறுவனம் கலர் பிரிண்டைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அதற்கு 'ஷெர்லி' அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த தோல் எப்படி வருகிறது என்று கேட்பாரில்லை. அவர்கள் செய்ததை இன்று நம் பெண்ணுக்கு நம் கையாலேயே செய்கிறோம். மாநிறத் தோலும் கறுத்த தோலும் ஜன்னல் வெளிச்சத்தில் எவ்வளவு அழகு என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். கன்னத்து மேட்டில் ஒரு மினுக்கு, தாடைக்குக் கீழே ஆழமான நிழல், மூக்குத்திக் கல்லில் ஒரு பொட்டு வெளிச்சம். அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு பெண்ணின் அம்மா, "இது எங்க பொண்ணு மாதிரியே இருக்கு" என்றார். கல்யாணப் படத்தைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொல்வதே செய்தியாகிவிட்டது.

தமிழருக்கு இந்த வெளிச்சம் புதிதல்ல. மட்டக்களப்புக்காரரான பாலு மகேந்திரா, இன்றைய கேமராக்களின் வசதி எதுவும் இல்லாத ஃபிலிமை வைத்துக்கொண்டு 'முள்ளும் மலரும்' (1978), 'மூன்றாம் பிறை' (1982) படங்களில், அந்தந்த இடத்தில் இருக்கிற வெளிச்சத்தின் அழகைக் காட்டினார். 'மூன்றாம் பிறை' ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. தியேட்டரில் அதை ரசித்த அதே ஜனங்கள்தான் சொந்த மகளின் கல்யாணத்தில் ஸ்டாண்டு லைட் கேட்கிறார்கள். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்கு (1956) ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா, காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டபோது, மேலே துணியைக் கட்டி விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பும்படி செய்தார். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம் வேண்டுமென்று அந்த மனிதர் அவ்வளவு பாடுபட்டார். நம்மிடம் முற்றமே இருந்தது. செட்டிநாட்டு வளவில் நடந்த கல்யாணங்களுக்கும், தெருவை அடைத்துப் போட்ட கீற்றுப் பந்தல் கல்யாணங்களுக்கும் எந்த ஸ்டாண்டு லைட்டும் நிகராகாது. என் பெற்றோர் கல்யாணப் படம் பந்தலில் எடுத்தது. கீற்று இடுக்கு வழியே விழுந்த வெயில் அப்பாவின் தோளில் காசு காசாகக் கிடக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் காலை எத்தனை மணி என்றுகூடச் சொல்லிவிடலாம்.

"இப்போ முற்றம் எங்கே இருக்கு? ஏசி மண்டபத்துல ஜன்னலே இல்லையே" என்பார்கள். பல மண்டபங்களில் ஜன்னல் இருக்கிறது, அலங்காரக்காரர் துணியைக் கட்டி மறைத்திருக்கிறார், அவ்வளவுதான். அடைத்த மண்டபமாகவே இருந்தாலும் மேடைக்கு மண்டபத்து விளக்கே போதும். இரவு ரிசப்ஷனுக்கு லைட் வேண்டுமென்றால் கூரையில் பட்டுத் திரும்பும்படி ஒன்று வைக்கலாம். சொந்தபந்தம் எல்லாரும் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவுக்குத் தாராளமாக லைட் போடுங்கள், அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். தூரத்து உறவினர் வீட்டுச் சுவரில் மாட்டப்போவது அந்தப் படம்தான், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். சில பெரியவர்கள், "நல்ல காரியம் நடக்கிற இடத்துல லைட்டை அணைக்கச் சொல்றியே" என்று கோபித்துக்கொண்டார்கள். மங்கலத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறது. வாடகைக்கு வந்த எல்இடி பேனலை அணைத்தால் எந்தக் குறையும் வராது. குத்துவிளக்கின் சுடர் மணப்பெண் முகத்தில் விழுவதே தெரியாமல் அடித்துவிடுகிறதே, அதுதான் எனக்கு அமங்கலமாகப் படுகிறது.

'கேண்டிட்' என்று பெயர் வைத்துக்கொண்டு நடப்பதையும் சொல்லியாக வேண்டும். "மேடம், கேமராவைப் பார்க்காம சிரிங்க. இன்னொரு தடவை. வளையலைச் சரி பண்ற மாதிரி பண்ணுங்க." இது நடிப்பு. இயல்பாக எடுப்பது என்றால் காத்திருப்பது. பிரெஞ்சு போட்டோகிராபர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1950இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அங்கே இருந்தார், படமெடுத்தார். ஃப்ளாஷை அறவே ஒதுக்கியவர் அவர். கையில் ஒரு சின்ன லைக்கா கேமரா, அங்கே இருந்த வெளிச்சம், போதும். அப்படிப்பட்ட இடத்தில் "இங்கே பாருங்கள்" என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஒரு பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும் காலையில் மட்டும் அது எப்படி எழுகிறது?

சில மாதங்களுக்கு முன், ஆறு மணி முகூர்த்தம் முடிந்து மணமகள் அறையில் ஒரு ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். முகத்துக்கு நேராக எரிந்த பல்பை மேக்கப் போடும் பெண்ணிடம் சொல்லி அணைக்க வைத்திருந்தேன். மணப்பெண்ணின் அப்பா ஏதோ கேட்க உள்ளே வந்தார். கேட்க வந்ததை மறந்து, மகளின் புதுத் தாலிச்சரடு சேலைக் கரையில் மாட்டியிருந்ததை இரண்டு விரலால் எடுத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. காலை வெயில் அவர் கை நரம்பு வரைக்கும் காட்டியது. ஒரு சொடுக்கு. ஃப்ளாஷ் அடித்திருந்தால் கையைப் பின்னுக்கு இழுத்திருப்பார்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் பேசும்போது எத்தனை லைட் என்று கேட்காதீர்கள். முன்தினம் மண்டபத்துக்குப் போய் எந்தப் பக்கம் கிழக்கு என்று பார்த்தாரா என்று கேளுங்கள். அலங்காரக்காரரிடம் ஜன்னலை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேக்கப் நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். மாலை மாற்றுவதை மூன்று தடவை செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மணவறைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் பாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டு, அவருக்கும் மணமக்களுக்கும் நடுவே தாலி கட்டி முடியும்வரை யாரும் நிற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பக்கவாட்டில் ஓர் ஓரமாக நின்று எடுக்க எங்களுக்குத் தெரியும்.