சபைத் தேர்தலும் உள்ளத் தூய்மையும்

திருச்சபையில் தேர்தல் புகுந்தமையாலேயே பூசலும் புகுந்தது என்பார் பலர். நாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். எருசலேமின் ஆதிச் சபையிலும் பூசல் இருந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையிற் புறக்கணிக்கப்பட்டனர் என்னும் முறையீடு எழுந்தபோது, அப்போஸ்தலர் அதனை அதட்டி அடக்கினாரல்லர். ஆட்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையாரிடமே விட்டனர். சபையார் தெரிந்த எழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாய் இருத்தல் நோக்கத்தக்கது. குறையுற்றோர் பக்கத்தவரிடமே பந்தி விசாரணை ஒப்புவிக்கப்பட்டது போலும்!

இன்றோ, சேகரக் கமிட்டிக்கும் திருமண்டலப் பெருமன்றத்துக்கும் ஆள் தெரிந்தெடுக்குங்கால், ‘நம்மவர் எத்தனை பேர்?’ என்பதே பலவிடத்தும் முதற் கேள்வியாகின்றது. சாதியும் ஊரும் உறவும் எண்ணப்படுகின்றன. ஒரே பாத்திரத்திற் பங்குபெறுவோர் தேர்தலன்று இரண்டு அணியாய்ப் பிரிந்து நிற்கின்றனர்.

பராந்தக சோழன் காலத்து, கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்கு ஆகாரென விலக்கிற்று. ஏரியும் தோட்டமும் காக்கும் ஊர்ச்சபைக்கு இத்துணைக் கண்டிப்பு வேண்டுமாயின், ஆன்மாக்களைக் காக்கும் சபைக்கு எத்துணை வேண்டும்!

ஆதலின் தேர்தலை வெறுத்தல் வேண்டா. அதனைத் தூய்மை செய்தலே வேண்டும். வாக்களிக்குமுன் இரண்டு வினாக்களை வினவுவோமாக: இவர் முன்னர் ஏற்ற பணிக்குக் கணக்குக் காட்டினாரோ? நம் பந்தியில் இடம்பெறாதார்க்கு இடந்தருவாரோ? இவ்விரண்டற்கும் பொருந்துபவர் எதிரணியினராயினும், நம் சீட்டு அவருக்கே உரியது.