யாரை? யாருக்கு?

எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி நாலு மாதமாகிறது. கணவர் ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட் நகரத்தில். இவளோ இங்கே, கையில் ஜெர்மன் புத்தகத்தோடு! கட்டின கணவரிடம் போய்ச் சேருவதற்குக் கூடவா பரீட்சை என்கிறீர்களா? ஆமாம், சகோதரிகளே! 2007-ஆம் ஆண்டு முதல் அந்த நாட்டுச் சட்டம் அப்படி. சிலருக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் ஆரம்ப நிலை ஜெர்மனாவது தெரிந்துகொண்டுதான் விசா கேட்க வேண்டும். அந்த 'ஏ1' பரீட்சையில் ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள சொல்லை வைத்து, உடன் எழுதுபவரைக் கேள்வி கேட்பதும் ஓர் அங்கம்.

அன்று சாயங்காலம் அழாத குறையாக வந்தாள். "மாமி, 'எங்கே' என்று கேட்க வாயெடுத்தால் 'யார்' என்று வந்து தொலைக்கிறது!"

இது ஆங்கிலம் செய்த வேலை. ஆங்கிலத்தில் 'வேர்' என்றால் எங்கே. ஜெர்மனிலோ 'வேர்' என்றால் யார். எங்கே என்பதற்கு 'வோ'. ஆங்கிலத்தின் வழியாகப் போனால் இப்படித்தான் தடம் புரளும். தமிழ் வழியாகப் போய்ப் பாருங்கள்! யார் - வேர். யாரை - வேன். யாருக்கு - வேம். யாருடைய - வெஸ்ஸன். வேற்றுமை உருபெல்லாம் நமக்குத் தொட்டில் பழக்கமாயிற்றே! "யாரைப் பார்த்தாய்?" என்பதற்கு வேன். "யாருக்கு உதவுகிறாய்?", "இது யாருக்குச் சொந்தம்?" இரண்டுக்கும் வேம். அப்படியே பொருந்துகிறது.

ஆனால், இரண்டு இடத்தில் தமிழும் காலை வாரும். "யாருக்குப் போன் செய்கிறாய்?" என்கிறோம் நாம். ஜெர்மானியரோ "யாரை அழைக்கிறாய்?" என்ற பாவனையில் 'வேன்' போடுகிறார்கள். ஆகவே, ஒரு வினைச்சொல்லைப் பாடம் பண்ணும்போதே அது 'யாரை' கேட்குமா, 'யாருக்கு' கேட்குமா என்பதையும் சேர்த்துப் பாடம் பண்ணிவிடுங்கள்.

இன்னொன்று, நம்முடைய 'எங்கே'. எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய் இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். அவர்களுக்கு இருக்குமிடம் கேட்க 'வோ'. போகுமிடம் கேட்க 'வோஹின்'. எங்கிருந்து என்பதற்கு 'வோஹேர்'. 'ஹின்' என்றால் அப்பால், 'ஹேர்' என்றால் இப்பால் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். பேச்சில் இந்த வால் தனியே பிரிந்து, வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காருவதும் உண்டு. பயப்பட வேண்டாம்.

பெண் பரீட்சை எழுதிவிட்டாள். நேற்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "மாமி, போனில் அவர் 'வன் கொம்ஸ்ட் டூ?' என்று கேட்டார். எப்போது வருகிறாய் என்று அர்த்தம். உடனே புரிந்துவிட்டது!"

"நீ என்ன பதில் சொன்னாய்?"

"கேள்விதானே மாமி இதுவரை படித்தேன்? பதில், பரீட்சை முடிவிலும் விசாவிலும் அல்லவா இருக்கிறது!" என்றாள்.