எங்களைப் பற்றிய புத்தகங்களை எங்களுக்குப் படிக்கத் தாருங்கள்

மாண்புமிகு பிரதமரும் கல்வி அமைச்சருமான கலாநிதி ஹரிணி அமரசூரிய அவர்களுக்கு,



நீங்கள் டெல்லி இந்துக் கல்லூரியில் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவர். பிறகு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நானும் ஒரு சமூகவியல் பட்டதாரி. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். மலையைவிட்டு வெகுதூரத்தில் உள்ள ஒரு சிறிய அரச பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழிமூலம் படித்தேன்.

உயர்தரத்தில் சமூகவியல் ஒரு பாடமாக இல்லை. வளாகத்துக்குள் கால் வைத்த பிறகுதான் அப்படியொரு படிப்பு இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியவரும். முதலாம் வருடத்தில் ஒரு நாள் மார்க்ஸ் சொன்ன அந்நியமாதல் பற்றி விரிவுரை. தன் உழைப்பே தொழிலாளிக்கு வேற்றுப் பொருளாகிப் போவதை விளக்க, இங்கிலாந்துப் பஞ்சாலை ஒன்றை உதாரணம் காட்டினார் விரிவுரையாளர். அக்கறையுள்ள ஆசிரியர். அவர் கையிலிருந்த குறிப்பு அப்படி. நானும் பஞ்சாலை என்றே கொப்பியில் எழுதிக்கொண்டேன். மனம் மட்டும் எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்விட்டது.

அம்மா இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு காலையில் மலையேறுவார். மழையென்றாலும் அட்டைக்கடியென்றாலும் நிரையைவிட்டு இறங்க முடியாது. பின்னேரம் தராசில் தொங்கவிடும்போது தோட்டம் கேட்கிற கிலோ வராவிட்டால், கணக்கப்பிள்ளை ‘அரைப்பேர்’ என்று எழுதிவிடுவார். பேர் என்றால் எங்களிடம் ஒரு நாள் வேலை. பகல் முழுக்க மலையில் நின்றவருக்கு அரைப்பேர்! அந்த நாட்களில் அம்மா அதிகம் பேசமாட்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்நியமாதலை விளக்க இதைவிடக் கிட்டிய சொல் எங்களுக்கு வேறு இல்லை. ஆனாலும் பரீட்சையில் நான் எழுதியது பஞ்சாலையைத்தான். புள்ளியும் கிடைத்தது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

தோட்டங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையா என்றால், நிறையவே எழுதியிருக்கிறார்கள். மூன்று தேயிலைத் தோட்டங்களில் சாதி எப்படித் தொடர்கிறது என்று ஆர். ஜெயராமன் ஆராய்ந்த நூல் 1975இல் வெளிவந்தது. 1994இல் ஒட்வார் ஹொல்லுப் தோட்டத் தொழிலாளரின் சாதியையும் பண்பாட்டு அடையாளத்தையும் எழுதினார். குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் இரண்டு நூற்றாண்டு காலத் தோட்ட வாழ்வின் அதிகாரத்தையும் எதிர்ப்பையும் 2015இல் ஒரே நூலில் கொண்டுவந்தார்கள். 2019இல் மைத்ரி ஜெகதீசனின் நூல். எல்லாம் ஆங்கிலத்தில். இவற்றில் ஒன்றுகூட, நான் படித்த நான்கு வருடத்தில் என் கைக்குத் தமிழில் வந்து சேரவில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல உதவித்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. லயத்து வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். என் காலத்தில் அந்தக் காசில்தான் இந்த நூல்களின் ஆங்கிலப் பக்கங்களைப் போட்டோ கொப்பி எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்தில் ‘மஸ்டர்’ என்றொரு சொல் வந்தது. அகராதி ‘அணிதிரட்டல்’ என்றது. படையைப் பற்றிய செய்தி போலிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போனேன். மூன்று நாள் கழித்துத்தான் விளங்கியது, அது எங்கள் பெரட்டு. விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது அம்மா போய் நிற்கிற அதே பெரட்டுக்களம். என் வீட்டு முற்றத்தையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

ஆங்கிலம் படியுங்கள் என்று சொல்வார்கள். படிக்கிறோம், இன்னும் படிப்போம். ஆனால் அந்தப் புத்தகங்களுக்காகத் தங்கள் கதையைச் சொன்னவர்கள் லயத்து மனிதர்கள். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, அது சரியா என்று பார்க்க அவர்களுக்கும் உரிமை உண்டு. ஜெயராமன் எழுதிய சாதியைப் பற்றி எங்கள் தோட்டத்து வாலிபர்கள் கூடிப் பேச வேண்டும், கோபப்பட வேண்டும், மறுக்க வேண்டும். தமிழில் இல்லாமல் அது எப்படி நடக்கும்?

இன்னொன்றையும் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகையில் மலையகத் தமிழரான நாங்கள் 4.1 வீதம். 2024இல் 2.8 வீதம். எத்தனை பேர் வெளிநாட்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள், ஏன் அப்படிப் பதிந்தார்கள்? லயம் லயமாகப் போய், மக்களோடு உட்கார்ந்து கேட்டால்தான் இதற்குப் பதில் வரும். கேட்கக்கூடியவர்கள் எங்கள் பிள்ளைகள். ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தட்டச்சு செய்து, மட்டை கட்டி, துறைக்குக் கொடுத்ததோடு அந்த ஏடுகள் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. அடுத்த வருடம் வருகிற பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். மலையகத்தைப் பற்றிய சமூகவியல், மானிடவியல் நூல்களைத் தமிழில் பெயர்க்க உங்கள் அமைச்சு நிதி ஒதுக்க வேண்டும். அந்த வேலையை, பெரட்டும் துண்டும் பீலியும் என்னவென்று தெரிந்த மலையகப் பட்டதாரிகளிடம் கொடுக்க வேண்டும். எல்லா அரச பல்கலைக்கழகங்களிலும் மலையகம் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் பிரதிகளைத் திரட்டி, ஹட்டனில் யாரும் வந்து படிக்கக்கூடிய ஓரிடத்தில் வைக்க வேண்டும். பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு மண்டபமும் அலுமாரிகளும் ஒரு நூலகரும் போதும்.

இந்த மடலை உங்களுக்குப் பெயர்த்துச் சொல்ல அலுவலகத்தில் ஆட்கள் இருப்பார்கள். அதே உதவியைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

என் ஆய்வேட்டின் பிரதி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். கொழுந்தெடுக்கும் பதினொரு பெண்கள் அதில் பேசுகிறார்கள். அவர்கள் பேசிய தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நோர்வூட்டிலிருந்து ஒரு சமூகவியல் பட்டதாரி