சூட்டிக்கு அழுத அக்கா



மஹய்யாவ மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அக்கா இருக்கிறார். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சி தர்மபுரத்துக்குப் போய்க் குடியேறிய குடும்பத்தில் வளர்ந்தவர். 2009 தை மாதம் அங்கிருந்தும் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால், மெனிக் பாம் முகாம் என்று அலைந்து, கடைசியில் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. இவர் அழுது யாரும் கண்டதில்லை.

2023 இல் இவருடைய நாய் சூட்டி இறந்தது. மூன்று நாள் சாப்பிடாமல் அழுதார். "புருஷனுக்கு அழாதவ நாய்க்கு அழுவுறா" என்று லயத்தில் பேச்சு. தங்கைதான் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உண்மையைச் சொன்னால், 'நாய்க்காகவா?' என்று என் மனதிலும் ஒரு கணம் தோன்றியது.

சூட்டியை 2012 இல் கான் ஓரத்தில் குட்டியாக எடுத்தாராம். "ராத்திரி காலடிச் சத்தம் கேட்டா அது முதல்ல எழும்பும் மிஸ். அந்த நம்பிக்கையிலதான் நான் தூங்கினேன்" என்றார். முகாமிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நிம்மதியான தூக்கம் என்பது என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பதினோராவது வயதில் அது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தது, அடிக்கடி சிறுநீர் போனது, மெலிந்தது, வாந்தியும் வாய்நாற்றமும் வந்தன. வயதான நாய்களில் சிறுநீரகம் பழுதடையும்போது காணும் அறிகுறிகள் இவை. ஆட்டோ பிடித்துப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். இரத்தப் பரிசோதனையில் அதுவே உறுதியானது. சேலைன் ஏற்றினால் சில நாள் தெளியும், பழுதான சிறுநீரகம் திரும்பி வராது. இரண்டு கிழமைக்குப் பின் ஊசி போட்டு வேதனையை முடிக்கலாம் என்றார் வைத்தியர். மயக்க மருந்தை அதிக அளவில் நரம்பில் ஏற்றுவார்கள். சில நொடிகளில் நினைவு போய்விடும், பிறகுதான் மூச்சு நிற்கும். அக்கா சம்மதித்தார். தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நானே கொன்னுட்டேனே" என்பதுதான் அவருடைய அழுகை.

தங்களுடைய துக்கத்துக்கு மற்றவர்களிடம் மதிப்பில்லை என்று தெரிந்தால் மனிதர் இரண்டு தடவை துன்பப்படுவர். கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989 இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நம்மவர்கள் அதற்கு முந்தியவர்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது, 7 ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுடன் அவனது நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் வெட்டியிருக்கிறார்கள். இதை அக்காவுக்குச் சொன்னேன். "நாய்க்குமா கல்லு வச்சாங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.

வீட்டிலுள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கு 'சூட்டி ஊருக்குப் போயிருக்கு' என்று சொல்லியிருந்தார்கள். நம் வீடுகளில் அப்பாக்களைப் பற்றியும் இப்படித்தான் சொன்னோம், பிள்ளைகள் வருடக்கணக்காக வாசலைப் பார்த்திருந்தார்கள். செத்துவிட்டது என்றே சொல்லச் சொன்னேன். பிள்ளை அழுதது, பிறகு எங்கே புதைத்தது என்று கேட்டது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நோயுற்ற நாயின் குணம் திடீரென மாறி, எச்சில் வடிந்து, கண்டதையும் கடித்தால் அது விசர்நோயாக இருக்கலாம். எவ்வளவு பாசமான நாயானாலும் தொட்டுப் பராமரிக்கக் கூடாது. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் தடவை நான் போனபோது சூட்டியின் கழுத்துப்பட்டி ஆணியில் தொங்கியது. அக்கா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தர்மபுரத்தில் விட்டுவந்த நாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதன் பெயர் மணி. உழவு இயந்திரத்துக்குப் பின்னால் விசுவமடு வரை ஓடிவந்ததாம்.

"அவருதான் கல்லெடுத்துத் திருப்பி விரட்டினாரு. கையை ஓங்கினாரே தவிர எறியல மிஸ்."

கணவரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.