மதிப்பெண் இல்லாத பாடம்

இரண்டு காதிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறனை இழந்தவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்லும் இந்த வரையறையை பி.எட். படிக்கிறவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். உள்ளடக்கிய பள்ளி பற்றிய தாளுக்கு அத்தனை முறை படித்திருப்போம். ஆனால் காது கேளாத ஒரு பிள்ளை எதிரே வந்து நின்றால் “உன் பேர் என்ன?” என்று கேட்பதற்கு அந்தத் தாளில் எங்கேயும் வழி சொல்லவில்லை.

அதனால் இந்த இரண்டாம் ஆண்டில் இந்திய சைகை மொழியைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். கல்லூரி கேட்ட வேலை இல்லை. ரெக்கார்டு நோட்டு கிடையாது, அகமதிப்பீட்டில் மதிப்பெண் கிடையாது. உடன் படிப்பவர்கள் டெட் தேர்வுக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. “ஏட்டி, இது எதுக்கு ஒனக்கு?” என்று அறைத்தோழி உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். பாளையங்கோட்டையில் படிக்கிறவளுக்கு இது தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று அவளிடம் சொன்னேன். ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரோடு நடக்கும் ஊர் இது. பஸ் ஸ்டாண்டில் கைகளால் பேசிக்கொண்டு நிற்பவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது.

தொடங்குகிறவர்களுக்குக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2015இல் டெல்லியில் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு ஒரு காணொலி அகராதியை வெளியிட்டது. மறு ஆண்டு அது 6,000 ஆயிற்று, 2021இல் 10,000. கோயம்புத்தூரில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்தார் உருவாக்கிய அகராதியும் இணையத்தில் இருக்கிறது. இரவு விடுதி மாடியில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பழகினேன். ஆண் என்பதற்கு மீசையை முறுக்கும் சைகை. பெண் என்பதற்கு மூக்குத்தி இருக்கும் இடத்தில் ஆள்காட்டி விரல். இவையெல்லாம் ஒரு முறை பார்த்தால் மறக்காது. இங்கே ஒரு எச்சரிக்கை: யூடியூபில் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்க சைகை மொழி. அது வேறு மொழி. ஆங்கில எழுத்துகளை அவர்கள் ஒற்றைக் கையால் காட்டுவார்கள். நம்முடையது பிரிட்டன் வழியில் வந்த இரு கை முறை. அமெரிக்க முறையைப் பழகிவிட்டு இங்கே யாரோடும் பேச முடியாது.

அகராதி சொற்களைத் தரும். ஆனால் இரண்டு பேர் கைவீசிப் பேசிக்கொள்ளும்போது அதிலிருந்து ஒரு சொல்லைக்கூடப் பிரித்தெடுக்க வராது. அதற்கு ஆள் வேண்டும். எனக்குக் கிடைத்தவர், நாங்கள் துணி தைக்கக் கொடுக்கும் கடையில் ஓவர்லாக் மெஷினில் வேலை பார்க்கும், காது கேளாத அக்கா. வேறு மாவட்டத்தில் விடுதிப் பள்ளி ஒன்றில் படித்தவர். நான் துண்டுச்சீட்டில் எழுதிக் கேட்டதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஒரே நிபந்தனை போட்டார்: அந்த நேரத்தில் வாயும் பேசக் கூடாது, பேனாவும் பேசக் கூடாது.

அக்கா முதலில் திருத்தியது என் கையை அல்ல, முகத்தை. “நீ வருகிறாய்”, “நீ வருகிறாயா” இரண்டுக்கும் கை செய்வது ஒன்றுதான். புருவம் உயர்ந்து, தலை சற்று முன்னால் வந்தால் அது கேள்வி. நாம் ‘ஆ’ போட்டுச் செய்வதை அவர்கள் புருவத்தால் செய்கிறார்கள். முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இது எளிதாக வரும் பாடமில்லை. நுண்ணிலைக் கற்பித்தலில் பல்வகைத் தூண்டல் திறன் என்று ஒன்றுக்குக் கையசைவு, முகபாவம், குரல் ஏற்ற இறக்கம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். அங்கே முகபாவம் ஓர் அலங்காரம். சைகை மொழியில் அதுவே இலக்கணம்.

வரிசை விஷயத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வினை கடைசியில் வரும். நீ, பெயர், என்ன — மூன்று சைகையும் நாம் பேசும் வரிசையிலேயே விழும். காலத்தைக் குறிக்கும் சொல் முதலில் வந்துவிடும், இல்லை என்பது கடைசியில் வரும். “அவர் ஆசிரியர்” என்று வினையே இல்லாமல் நாம் முடிப்பதைப் போல அங்கேயும் முடியும். ஆனால் வேற்றுமை உருபு என்று எதுவும் கிடையாது. அதன் வேலையை இடம் செய்கிறது. அண்ணனை வலப்பக்கம் ஒரு புள்ளியில் நிறுத்துகிறார் அக்கா, தங்கையை இடப்பக்கம். ‘கொடு’ என்ற சைகை வலமிருந்து இடம் போனால் அண்ணன் தங்கைக்குக் கொடுத்தான். திரும்பி வந்தால் தங்கை அண்ணனுக்குக் கொடுத்தாள். கதையில் ஐந்து பேர் வந்தாலும் ஐந்து பேரும் அந்தந்த இடத்தில் நிற்பார்கள். கேட்கிறவர், அதாவது பார்க்கிறவர், யார் எங்கே நிற்கிறார்கள் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன அரசுப் பள்ளியில், ஏழாம் வகுப்பு முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். காதில் கருவி உண்டு. அது சத்தத்தைப் பெரிதாக்கித் தருமே ஒழியச் சொல்லைத் தெளிவாக்கித் தராது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உள்காதுக் கருவி பொருத்துகிறார்கள். இவளுக்குக் குறை இருப்பதைக் கண்டுபிடித்தபோது அந்த வயது தாண்டியிருந்தது. எல்லா ஆசிரியர்களும் அவளைப் பற்றி ஒரே மாதிரி சொன்னார்கள்: நல்ல பிள்ளை, நோட்டு சுத்தமாக இருக்கும். உண்மைதான், மணி மணியான கையெழுத்து. கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் எடுத்து எழுதிவிடுவாள். எழுதியதில் ஒரு வரியைத் தொட்டு இது என்ன என்று சைகையில் கேட்டால் திகைத்துப் பார்ப்பாள். ஏழு வருடமாக எழுத்தை அவள் வரைந்துகொண்டிருக்கிறாள். சிறப்புப் பயிற்றுநர் வருவார், ஆனால் அவருக்கு இது போலப் பல பள்ளிகள்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்பது பள்ளியின் நம்பிக்கை. கண்ணாடி முன் நின்று குரல் இல்லாமல் ‘மாடு’ என்று சொல்லிப் பாருங்கள், அடுத்து ‘பாடு’ என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றாகவே மூடித் திறக்கும். படம், மடம் அப்படித்தான். க, ங தொண்டையருகே பிறந்து அங்கேயே முடிந்துவிடும். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள் நடக்கும் வேலை. மொழியை முன்பே நன்றாக அறிந்தவர் மீதியை ஊகித்துக்கொள்வார். மொழியே இனிமேல்தான் வர வேண்டும் என்ற பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

என் பாடக்குறிப்புகள் அவளால் மாறின. இதை வழிகாட்டி ஆசிரியர்களும் படித்தால் நல்லது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து முகம் இருட்டாகிவிடும். பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் அந்தப் பேச்சு முழுவதும் அவளுக்கு இல்லை. இவை எளிதில் பழகிவிடும். கடினமானது வேறு: கேட்கிற பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டே நம் விளக்கத்தைக் காதில் வாங்கும், எழுதிக்கொண்டே அடுத்த வரியைக் கேட்கும். காது கேளாத பிள்ளைக்குக் கண் ஒன்றுதான். படத்தைப் பார்க்கும்போது என்னைப் பார்க்க முடியாது, எழுதும்போது இரண்டையும் பார்க்க முடியாது. ஆகவே படத்தைக் காட்டியதும் நான் பேச்சை நிறுத்தியாக வேண்டும். அவள் பார்த்து முடித்து முகத்தை என் பக்கம் திருப்பிய பிறகுதான் அடுத்த சொல். இலைத்துளையின் படத்தைத் தொங்கவிட்டுவிட்டு வகுப்பின் முன்னால் சும்மா நிற்பது ஆரம்பத்தில் ஏதோ கடமை தவறுவது போலிருக்கும். அந்த இடைவெளியில் பின் பெஞ்சுப் பையன்களும் படத்தை உண்மையாகவே பார்த்தார்கள். கேள்விகள் கூடின. வகுப்பறையில் நாம் எவ்வளவு அதிகமாகப் பேசுகிறோம் என்பது அப்போது தெரிகிறது.

அவளுக்கு நான் சைகை சொல்லிக்கொடுப்பதைப் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்து, “சைகை பழக்கிவிட்டால் அப்புறம் பேச்சே வராதும்மா, அந்தப் பாவத்தைச் செய்யாதே” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னார். இந்த அச்சத்துக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு, காது கேளாதோர் கல்வியில் வாய்ப்பேச்சு முறையே சிறந்தது, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. வாக்களித்த ஆசிரியர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் காது கேட்கிறவர்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவில் 130 ஆண்டுகள். அக்கா படித்த விடுதிப் பள்ளி அந்த 130 ஆண்டுகளுக்குள்தான் வருகிறது. வகுப்பில் கைகளைக் கட்டிக்கொண்டு ‘அம்மா’, ‘பம்பரம்’ சொல்லிப் பழகியிருக்கிறார். இரவு விளக்கணைக்கும் முன் மூத்த பெண்களிடமிருந்து மொழியைக் கற்றிருக்கிறார். நிகரகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளை முதன்முதலாகப் பெரிய எண்ணிக்கையில் ஒரே பள்ளியில் சேர்த்தபோது, ஆசிரியர்கள் ஸ்பானிய உதட்டசைவைக் கற்பித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்களுக்கென்று ஒரு புதிய சைகை மொழியையே உருவாக்கிவிட்டார்கள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்திருந்தால் இது நடக்கும். எங்கள் ஏழாம் வகுப்புப் பெண் தன் பள்ளியில் தனி ஒருத்தி. அந்த மூத்த ஆசிரியருக்கு நான் சொன்ன பதில் இதுதான். சைகை பேச்சைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை, சார். எந்த மொழியும் இல்லாமல் பத்து வயதைத் தாண்டுவதால் வரும் கேடு நம் கண் முன்னால் முதல் பெஞ்சில் இருக்கிறது.

அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறவர். ஒரு நாள் பள்ளிக்கு வந்தவர், மகள் என்னிடம் கைகளால் எதையோ வேகமாகச் சொல்வதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இவ என்னமோ சொல்லுதாளே, என்ன சொல்லுதா?” என்று கேட்டார். வீட்டில் பூனை குட்டி போட்டிருப்பதைச் சொல்கிறாள் என்றேன். அது அவருக்குத் தெரிந்த செய்திதான். மகள் அதை இன்னொருவரிடம் சொல்லக்கூடியவள் என்பதுதான் அவருக்குப் புதிது. காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். பெற்ற தாயிடமிருந்து தாய்மொழியைப் பெற முடியாத நிலை அது. விதிப்படி பயிற்சி ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருப்பது 16 வாரம். அதற்குப் பிறகு அந்தப் பெண் யாரோடு பேசுவாள் என்று யோசித்து, அந்த அம்மாவையும் வகுப்புத் தோழிகள் சிலரையும் அக்காவிடம் சேர்த்துவிட்டேன். பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, இந்திய சைகை மொழியை நாடு முழுவதும் ஒரே தரப்படுத்தலுக்குள் கொண்டுவருவதைப் பற்றிப் பேசுகிறது. மறு ஆண்டிலேயே பள்ளிக் கல்வியில் அதற்கு மொழிப்பாடத் தகுதி கிடைத்தது. நல்ல செய்திகள். ஆனால் கிழமைகளுக்கும் நிறங்களுக்கும் அக்கா காட்டும் சைகைகள் சில அகராதியில் இல்லை. அகராதியில் இருப்பதைக் காட்டினால், அது அவங்க ஊருது, இது நம்ம ஊருது என்று பிரித்துச் சொல்கிறார். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள் என்பார். தரப்படுத்துகிறவர்கள் இந்த அக்காக்களைக் கேட்டுச் செய்ய வேண்டும். சைகை மொழி கற்பிப்பதற்கென்றே காது கேளாதவர்கள் படிக்கும் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்களை பி.எட். கல்லூரிகளில் சம்பளத்தோடு அமர்த்தி வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். டெசிபல் வரையறையை நாங்கள் சொந்தமாகப் படித்துக்கொள்வோம்.

அக்கா என்னிடம் காசு வாங்க மறுத்தார். வேறொன்று கேட்டார். தமிழ்நாட்டில் காது கேளாத மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. சலுகை நியாயமானது, அக்காவும் அதில்தான் தேறினார். ஆனால் விலக்கு பெறாத தமிழையும் அவருக்குச் சரியாக யாரும் தரவில்லை. “நான் கடை போ துணி வாங்கு” என்றுதான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். வங்கியில் படிவம் கொடுத்தால் கூச்சப்படுகிறார். எனக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடு என்றார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், பக்கத்து வீட்டு மருத்துவரின் காது கேளாத மகள் ஆலிஸுக்கு எப்படிப் பாடம் சொல்வது என்று தெரிந்துகொள்ள, தாமஸ் கேலோடெட் என்பவர் 1815இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பாரிஸ் பள்ளியின் காது கேளாத ஆசிரியர் லோரன் கிளேரைச் சந்தித்து, மறு ஆண்டு அவரையே உடன் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். கப்பல் போன வழியெல்லாம் கிளேர் அவருக்குச் சைகை கற்பித்தார், அவர் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1817இல் இருவரும் சேர்ந்து பள்ளி தொடங்கினார்கள்.

அக்காவும் நானும் இப்போது வேற்றுமை உருபுகளில் இருக்கிறோம். நான்காம் வேற்றுமை அக்காவுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ‘கொடு’ என்ற சைகை எந்தப் புள்ளியில் போய் நிற்கிறதோ அந்தப் பெயரோடு ‘கு’ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டினேன். கடைக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு எல்லாம் வந்துவிட்டன. இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறோம். ‘துணி தைத்தேன்’ என்றும் சரி, ‘துணியைத் தைத்தேன்’ என்றும் சரி என்றால் அந்த ‘ஐ’ எதற்கு, எப்போது போட வேண்டும், எப்போது வேண்டாம் என்று புருவத்தை உயர்த்திக் கேட்டிருக்கிறார். குறிப்பிட்ட துணி, ஏதோ ஒரு துணி என்ற வேறுபாட்டை வைத்து விளக்கலாம் என்று நினைக்கிறேன். அதைக் கையால் எப்படிக் காட்டுவது என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்தாக வேண்டும்.